ஆக்சிஜன் குறைவதைச் செல் எப்படி அறிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் மாணவர்கள், செல் வளர்ப்பு ஆய்வகத்தில் முதன்முறையாக ஹைபாக்சியா (ஆக்சிஜன் பற்றாக்குறை) பரிசோதனை செய்பவர்கள், சிறுநீரக நோயால் வந்த இரத்தசோகைக்குப் புதுவகை மாத்திரை எழுதித் தரப்பட்டவர்கள் என மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். ஆய்வகப் பகுதி வேண்டுமென்றேதான் நீளமாக இருக்கிறது. இந்தத் துறையில் வீணாகும் உழைப்பு பெரும்பாலும் அங்கேதான் வீணாகிறது.

ஆக்சிஜன் குறைவு என்று எந்த அளவைச் சொல்கிறோம்?

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் 20.9% ஆக்சிஜன் என்பதால் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் ஏறத்தாழ 159. மூச்சுக்குழாயில் நீராவி கலந்ததும் அது 149 ஆகிறது. நுரையீரலின் காற்றறைகளில் 100, தமனி இரத்தத்தில் 95 அளவில், உடலைச் சுற்றித் திரும்பும் சிரை இரத்தத்தில் 40. திசுக்களுக்குள் பெரும்பாலும் 20 முதல் 40 வரை இருக்கும். சிறுநீரகத்தின் உட்பகுதியில் 10 முதல் 20 வரைதான். அது நோயின் அடையாளம் அல்ல. அந்த இடத்துக்கு இயல்பே அதுதான்.

ஆகவே எல்லாச் செல்லுக்கும் பொதுவான ஒரே எல்லைக்கோடு கிடையாது. ஒரு செல் வழக்கமாகப் பெறும் அளவு அதன் தேவைக்குப் போதாமல் குறைந்தால் அந்தச் செல்லுக்கு அது ஹைபாக்சியா. ஆய்வகத்தில் ‘இயல்பு’ என்று எழுதி வைக்கும் 21% ஆக்சிஜனைத் தோலின் மேற்பரப்பும் கண்ணின் கார்னியாவும் தவிர உடலில் வேறெந்தத் திசுவும் பார்ப்பதில்லை.

செல்லுக்குள் ஆக்சிஜனை அளப்பது எது?

புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிகள். சுருக்கமாக பி.எச்.டி.1, 2, 3. இவற்றில் பெரும்பாலான செல்களில் முக்கிய வேலை பார்ப்பது பி.எச்.டி.2.

மரபணுக்களை இயக்கும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைச் செல் எந்நேரமும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பி.எச்.டி. நொதி அந்தப் புரதத்தின் 402ஆம், 564ஆம் இடங்களில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்களில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கிறது. காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் மூலக்கூறுதான் இதற்கு மூலப்பொருள்: ஓர் அணு புரோலினுக்குப் போகிறது, இன்னோர் அணு 2-ஆக்சோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறுக்குப் போய் அதைச் சக்சினேட்டாக மாற்றி, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. நொதியின் நடுவே இரும்பு, ஃபெரஸ் நிலையில் இருக்க வேண்டும். வைட்டமின் சி அதை அந்த நிலையில் வைத்திருக்க உதவுகிறது.

அடையாளம் இடப்பட்ட புரோலினை வி.எச்.எல். என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. உடனே அழிவுக்கு அடையாளமான யுபிக்விட்டின் சங்கிலி ஏறுகிறது, புரதங்களை அழிக்கும் புரோட்டியசோம் ஹிஃப்பை நறுக்கிவிடுகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஹிஃப்-1 ஆல்ஃபாவின் அரை ஆயுள் 5 நிமிடத்துக்கும் குறைவு.

ஆக்சிஜன் குறைந்தால் இந்த வேதிவினை மந்தமாகிறது. ஹிஃப் அழியாமல் சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, ஹிஃப்-1 பீட்டாவோடு இணைந்து, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட வரிசை உள்ள இடங்களில் அமர்கிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. ஆக, ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று செய்தி சொல்லத் தனி மூலக்கூறு எதுவும் இல்லை. ஒரு வேலை நடக்காமல் போவதே செய்தி. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

தயாரித்த புரதத்தை அடுத்த நிமிடமே அழிப்பது வீண்செலவு இல்லையா?

செலவுதான். ஆனால் வேகம் கிடைக்கிறது. மரபணுவை இயக்கி, ஆர்.என்.ஏ. எழுதி, புரதம் கட்டிமுடிக்க மணிக்கணக்காகும். ஏற்கெனவே உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அழிப்பை நிறுத்தினாலே போதும். சில நிமிடங்களில் ஹிஃப் சேரத் தொடங்கிவிடும். திரும்பும் வழியும் அதே வேகம்தான்: ஆக்சிஜன் வந்ததும் சேர்ந்தது அத்தனையும் நிமிடங்களில் கரைந்துவிடும்.

ஆக்சிஜனை அதிகம் செலவழிப்பது மைட்டோகாண்ட்ரியா. அதுவே அளக்கலாமே?

மைட்டோகாண்ட்ரியாவின் இறுதி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஆக்சிஜனை மிக இறுகப் பிடிக்கும். ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே இறங்கினால்தான் அது தடுமாறும். அந்த நிலையை எட்டும்போது செல்லுக்கு ஏற்கெனவே ஆபத்து வந்துவிட்டது.

பி.எச்.டி. நொதிகள் இதற்கு நேரெதிர். அவை பாதி வேகத்தில் ஓடவே 230 முதல் 250 மைக்ரோமோலார் ஆக்சிஜன் வேண்டும். திசுவில் 20 முதல் 40 மி.மீ. அழுத்தம் என்பது கரைந்த அளவில் ஏறத்தாழ 27 முதல் 55 மைக்ரோமோலார்தான். அதாவது இந்த நொதி எப்போதும் பற்றாக்குறையிலேயே ஓடுகிறது. அதனால் ஆக்சிஜன் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் வேகம் அதே விகிதத்தில் மாறும். அளவுகருவிக்கு வேண்டிய குணம் இதுவே. மூச்சு முட்டுவதற்கு வெகு முன்பே செல் தயாராகத் தொடங்குவது இதனால்தான்.

எஃப்.ஐ.எச். என்று இன்னொரு நொதியும் உண்டு. அது ஹிஃப்-1 ஆல்ஃபாவின் 803ஆம் இடத்து ஆஸ்பராஜினில் ஆக்சிஜன் சேர்த்து, பி300 என்ற துணைப் புரதம் ஒட்டாமல் தடுக்கிறது. அதன் பாதிவேக அளவு சுமார் 90 மைக்ரோமோலார், எனவே பி.எச்.டி. தளர்ந்த பிறகும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். முதலில் ஹிஃப் சேர்கிறது, ஆக்சிஜன் மேலும் குறைந்தால்தான் அதன் முழு வலிமையும் வெளிப்படுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்?

எரித்ரோபாய்ட்டின் என்ற சிவப்பணு வளர்ச்சி ஹார்மோனின் மரபணு, ஆக்சிஜன் குறைந்தால் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியில் தொடங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிரெக் செமென்சா 1990களின் தொடக்கத்தில் அந்த மரபணுவின் அருகே உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியையும், அதில் ஒட்டும் ஹிஃப்-1 புரதத்தையும் கண்டார். 1995இல் அது தூய்மைப்படுத்தப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராட்கிளிஃப், இந்த உணர்திறன் சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதல்ல, ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது என்று காட்டினார். பாஸ்டனில் வில்லியம் கேலின் வந்த வழி வேறு: வி.எச்.எல். புரதத்தின் மரபணு கெடுவதால் வரும், அதே பெயருள்ள பரம்பரைப் புற்றுநோயை ஆராய்ந்தவர் அவர். 1999இல் ராட்கிளிஃப் குழு வி.எச்.எல்.லையும் ஹிஃப்பையும் இணைத்தது. 2001இல் கேலின், ராட்கிளிஃப் குழுக்கள் இரண்டும் ஒரே சமயத்தில் புரோலின் மாற்றத்தை அறிவித்தன. மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஹிஃப்-1, ஹிஃப்-2: இரண்டும் ஒன்றையே செய்கின்றனவா?

இல்லை. ஹிஃப்-2 என்பது ஹிஃப்-1இன் நெருங்கிய உறவுப் புரதம். சர்க்கரையை எரிக்கும் முறையை மாற்றுவது பெரும்பாலும் ஹிஃப்-1. பெரியவர்களின் உடலில் எரித்ரோபாய்ட்டினைக் கட்டுப்படுத்துவது ஹிஃப்-2. அந்த ஹார்மோனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரகத்தில் நுண்குழல்களுக்கு இடையே உள்ள செல்களிலிருந்து வருகிறது; மிச்சம் கல்லீரலிலிருந்து. ஹிஃப்-1 எல்லாச் செல்களிலும் உண்டு, ஹிஃப்-2 சில வகைச் செல்களில்தான் கணிசமாக இருக்கும்.

ஹிஃப் வந்தபின் செல்லில் என்னென்ன மாறுகிறது?

குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளூட்-1 வாயில்கள் பெருகுகின்றன. கிளைகாலிசிஸ் (ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் வழி) நொதிகள் கூடுகின்றன. ஒரு குளுக்கோஸிலிருந்து மைட்டோகாண்ட்ரியா வழியே, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. 30 அளவில் கிடைக்கும், கிளைகாலிசிஸ் வழியே வெறும் 2. அந்த இழப்பை ஈடுகட்ட குளுக்கோஸைப் பல மடங்கு செலவழிக்க வேண்டும். விளையும் லாக்டேட்டை எம்.சி.டி.4 என்ற வாயில் வெளியே தள்ளுகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 என்ற நொதி செல்லின் உட்புறம் அமிலமாகாமல் காக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் வெளியாகி அக்கம்பக்கத்து இரத்தக்குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது பி.டி.கே.1 என்ற நொதியின் வேலையை. ஹிஃப்-1 இதைக் கூட்டும்போது, குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் சுழற்சிக்குள் நுழையும் வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இல்லாததால் மைட்டோகாண்ட்ரியா தானாக நின்றுவிடுகிறது என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் 1% ஆக்சிஜனிலும் அது ஓடும். ஆனால் எலக்ட்ரான்கள் கசிந்து தீங்கு செய்யும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும். ஹிஃப்-1 அதை வேண்டுமென்றே அடக்குகிறது. ஹிஃப்-1 ஆல்ஃபா நீக்கப்பட்ட எலிக் கரு ஃபைப்ரோபிளாஸ்ட்களை 1% ஆக்சிஜனில் வைத்தால் அவற்றில் ஏ.டி.பி. குறைவதில்லை, சற்று அதிகமாகக்கூட இருக்கிறது. இருந்தும் அவை இறக்கின்றன. கொல்வது அந்தக் கசிவுதான்.

எல்லாமே ஹிஃப் வழியாகத்தான் நடக்கிறதா?

நொடிகளில் நடப்பவை எதுவும் ஹிஃப்பால் அல்ல. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், இருபுறமும் அரிசி மணி அளவில் கரோட்டிட் பாடி இருக்கிறது. தமனி ஆக்சிஜன் குறைந்ததும் அதன் குளோமஸ் செல்களில் பொட்டாசியம் வாயில்கள் மூடி, கால்சியம் உள்ளே பாய்ந்து, நரம்புச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது, மூச்சு வேகமாகிறது. தமனி அழுத்தம் 60 மி.மீ.க்குக் கீழே போனால் இந்த நரம்புச் செய்தி செங்குத்தாக ஏறும். இதைக் கண்டறிந்ததற்காக கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நுரையீரல் தமனிகள் தனிக்கதை. உடலின் மற்றத் தமனிகள் ஆக்சிஜன் குறைந்தால் விரிகின்றன, இவை சுருங்குகின்றன. காற்று வராத பகுதிக்கு இரத்தம் போய் வீணாகாமல் தடுக்கும் ஏற்பாடு இது. மலை உச்சியில் நுரையீரல் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கினால் அதுவே நுரையீரலில் நீர்கோக்கும் ஆபத்தாக மாறும்.

செல்லுக்குள் வேறு உணரிகளும் உண்டு. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை மாற்றும் கே.டி.எம்.5ஏ, கே.டி.எம்.6ஏ என்ற நொதிகளும், ஏ.டி.ஓ. என்ற சிஸ்டீன் ஆக்சிடேஸும் ஆக்சிஜனை நேரடியாக உணர்கின்றன என்று 2019இல் தெரியவந்தது.

லே போன்ற உயரமான ஊருக்குப் போனால் உடலில் எது எப்போது நடக்கும்?

லே ஏறக்குறைய 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 500 மி.மீ. அளவில் இருக்கும், உள்ளிழுக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 149இலிருந்து 95 அளவுக்கு இறங்குகிறது. மூச்சும் நாடித்துடிப்பும் உடனே கூடுகின்றன. சில மணிநேரத்தில் எரித்ரோபாய்ட்டின் ஏறத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். மூன்று நான்கு நாளில் இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் தெரியும். ஹீமோகுளோபினின் மொத்த அளவு உண்மையாகவே கூட வாரங்கள் பிடிக்கும்.

இரண்டாம் நாளே இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கூடியிருப்பதாகக் காட்டினால் ஏமாற வேண்டாம். பிளாஸ்மா நீர் குறைந்ததால் இரத்தம் அடர்ந்திருக்கிறது, அவ்வளவே. உடல் பழக வேண்டிய முதல் இரண்டு நாளில் ஓய்வு எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கால இடைவெளிதான். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை ஹிஃப்பைத் தொடுவதில்லை; சிறுநீரில் பைகார்பனேட்டை வெளியேற்றி, மூச்சு கூடுவதற்கு இருக்கும் தடையை நீக்குகிறது. மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

1% ஆக்சிஜனில் செல் வளர்த்து ஹிஃப்-1 ஆல்ஃபாவைப் பார்க்க வேண்டும். எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரு கணக்கு. ஈரப்பதமும் 5% கார்பன் டை ஆக்சைடும் உள்ள 37 டிகிரி இன்குபேட்டரில் ஆக்சிஜன் 21% இருக்காது, 18.6%தான். கட்டுரையில் அதை அப்படியே எழுதுங்கள்.

மீடியத்தின் உயரத்தை அடுத்துப் பாருங்கள். ஆறு குழித் தட்டின் ஒரு குழி 9.5 சதுர செ.மீ.; 2 மி.லி. ஊற்றினால் உயரம் 2.1 மி.மீ., 4 மி.லி. ஊற்றினால் 4.2 மி.மீ. உயரம் இரட்டித்தால் செல்லை வந்தடையக்கூடிய ஆக்சிஜன் பாதியாகும். நெருக்கமாக வளர்ந்த, அதிகம் சுவாசிக்கும் செல்களில் (கல்லீரல் செல்கள் நல்ல உதாரணம்) இன்குபேட்டர் 18.6% காட்டும்போதே அடியில் செல்கள் ஹைபாக்சியாவில் இருக்கலாம். ஒப்பீட்டுத் தட்டிலும் சோதனைத் தட்டிலும் செல் எண்ணிக்கையும் மீடிய அளவும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும்.

வேலை நடக்கும் வரிசை இது:

1. அறுவடை நேரத்தில் 70 முதல் 80% நிறைந்திருக்குமாறு செல்களை விதையுங்கள்.

2. மாற்றப்போகும் மீடியத்தையும் கழுவும் பி.பி.எஸ்.ஸையும் அகன்ற பாத்திரத்தில் மெல்லிய படலமாக ஊற்றி, முந்தின இரவே 1% அறைக்குள் வையுங்கள். பாட்டிலில் மூடி தளர்த்தி வைத்தால் போதாது. பாலிஸ்டைரீன் தட்டுகளும் ஆக்சிஜனை உறிஞ்சி வைத்திருந்து மணிக்கணக்கில் வெளிவிடும், அவற்றையும் உள்ளே வையுங்கள்.

3. கையுறை பொருத்திய ஹைபாக்சியா அறை இருந்தால் மீடியத்தை உள்ளேயே மாற்றுங்கள். மூடி இறுகும் பெட்டிதான் இருக்கிறது என்றால், 1% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு, 94% நைட்ரஜன் கலவையை நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் 4 நிமிடம் செலுத்தி மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி செலுத்த வேண்டும்; அதற்குள் மீடியத்திலிருந்து ஆக்சிஜன் பெட்டிக்குள் கசிந்திருக்கும். பெட்டிக்குள் ஒரு தட்டில் தண்ணீர் வைக்க மறந்தால் மீடியம் வற்றிவிடும்.

4. ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்துக்கு 4 முதல் 6 மணி நேரம். அது கூட்டும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 போன்ற புரதங்களுக்கு 16 முதல் 24 மணி நேரம்.

5. அறைக்குள்ளேயே கழுவி, சூடான எஸ்.டி.எஸ். பஃபரை நேரே செல்மேல் ஊற்றுங்கள். நொதிகள் அந்தக் கணமே செயலிழக்கும். புரத அளவைப் பி.சி.ஏ. முறையில் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அந்தப் பஃபரில் சாயமும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்க்காமல் வைத்து, அளந்த பிறகு சேருங்கள்.

6. 95 டிகிரியில் 5 நிமிடம், பிறகு டி.என்.ஏ. பிசுபிசுப்புப் போகச் சிறிது சானிகேஷன். 7.5 அல்லது 8% ஜெல்லில் 30 முதல் 50 மைக்ரோகிராம் ஓடவிட்டு, ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் செய்யுங்கள்.

வெஸ்டர்ன் பிளாட்டில் ஹிஃப் பேண்ட் வரவே இல்லை. என்ன தவறு?

பெரும்பாலும் ஐந்தாம் படிதான். தட்டை அறையிலிருந்து வெளியே எடுத்து, நடந்துபோய், ஐஸில் வைத்து, சாதாரண பி.பி.எஸ்.ஸில் இருமுறை கழுவுவதற்குள் ஹிஃப்பின் பெரும்பகுதி போய்விடும். உள்ளேயே செல்லை உடைக்க (லைசிஸ்) வசதி இல்லையென்றால் ஒரு தட்டு மட்டும் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் பஃபர் ஊற்றி முடியுங்கள். ரிப்பா பஃபர் பயன்படுத்தினால் அதில் 100 மைக்ரோமோலார் டெஸ்ஃபெராக்சமின் (இரும்பைப் பிடித்து பி.எச்.டி.யை முடக்குவது), புரோட்டியேஸ் தடுப்பான்கள் இரண்டும் இருக்க வேண்டும்.

அடுத்த காரணம், தவறான இடத்தில் தேடுவது. கணக்குப்படி ஹிஃப்-1 ஆல்ஃபாவின் எடை 93 கிலோடால்டன். ஜெல்லில் அது 110 முதல் 120க்கு இடையில் ஓடும். 93இல் தெளிவான பேண்ட் தெரிந்தால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள்.

காலமும் காரணமாகலாம். 24 மணி நேரம் வைத்தால் பல செல்வகைகளில் ஹிஃப்-1 ஆல்ஃபா மறுபடி இறங்கிவிடும், பி.எச்.டி.2, பி.எச்.டி.3 மரபணுக்களை ஹிஃப்பே கூட்டி, தன் அழிவைத் தானே துரிதப்படுத்துவதால் இது நடக்கிறது.

எப்போதும் ஒரு தட்டில் பி.எச்.டி.யைத் தடுக்கும் டி.எம்.ஓ.ஜி. என்ற வேதிப்பொருளை 1 மில்லிமோலார் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேண்ட் வந்து ஹைபாக்சியாவில் வரவில்லை என்றால் அறையில் அல்லது அறுவடையில் கோளாறு. இரண்டிலும் வரவில்லை என்றால் ஆன்டிபாடி அல்லது டிரான்ஸ்ஃபரில் கோளாறு. வி.எச்.எல். இல்லாத ஆர்.சி.சி.4 செல்கள் சாதாரணக் காற்றிலேயே ஹிஃப்-1 ஆல்ஃபா காட்டும், நல்ல ஒப்பீடு. 786-ஓ செல்களிலும் வி.எச்.எல். இல்லை, ஆனால் அவற்றில் ஹிஃப்-2 மட்டுமே உண்டு. அவற்றில் ஹிஃப்-1 தேடி வாரங்களைத் தொலைக்காதீர்கள்.

ஹைபாக்சியா அறை இல்லை. கோபால்ட் குளோரைடு போட்டால் போதாதா?

100 முதல் 150 மைக்ரோமோலார் கோபால்ட் குளோரைடு ஹிஃப்பைச் சேரவைக்கும், மறுப்பில்லை. ஆனால் அந்தச் செல்லில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வழக்கம்போல் ஓடுகிறது. கோபால்ட்டின் நச்சும் சேர்கிறது. ‘ஹிஃப் சேர்ந்தால் இந்த மரபணு கூடுகிறதா’ என்ற கேள்விக்கு அது போதும். ‘ஆக்சிஜன் குறைந்தால் செல் என்ன செய்யும்’ என்ற கேள்விக்குப் போதவே போதாது. டெஸ்ஃபெராக்சமின் செல்லுக்குள் மெதுவாகவே நுழையும், அதிக நேரம் கொடுங்கள். டி.எம்.ஓ.ஜி. 2-ஆக்சோகுளூட்டரேட்டை நம்பியிருக்கும் மற்ற நொதிகளையும் சேர்த்து முடக்கும், பி.எச்.டி.யை மட்டும் குறிவைக்க ராக்ஸாடுஸ்டாட் என்ற மருந்து மேல்.

ஹிஃப்-1 ஆல்ஃபாவின் ஆர்.என்.ஏ.வை க்யூ.பி.சி.ஆரில் பார்த்தேன், மாற்றமே இல்லை. ஏன்?

மாறாது. கட்டுப்பாடு முழுக்கப் புரதத்தின் அழிவில் இருக்கிறது. பி.டி.கே.1, வி.இ.ஜி.எஃப்.-ஏ, கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 போன்ற இலக்கு மரபணுக்களைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஒப்பீட்டு மரபணுவாக ஜி.ஏ.பி.டி.எச்.சை எடுக்காதீர்கள். அது கிளைகாலிசிஸ் நொதி, ஹிஃப்பின் இலக்கு. ஹைபாக்சியாவில் தானே ஏறும். அதனால் உங்கள் மரபணு ஏறியிருந்தாலும் ஏறாததுபோலத் தெரியும். ஆர்.பி.எல்.பி.0 அல்லது ஆர்.பி.எல்.13ஏ எடுத்து, உங்கள் செல்வகையில் அது அசையவில்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டிலும் இதே எச்சரிக்கை.

ஜி.எஃப்.பி. என்ற ஒளிரும் புரதம் போட்ட செல்களிலும் இப்படித்தான். ஜி.எஃப்.பி. ஒளிர அதன் நிறமையம் முதிர வேண்டும், அதற்கு ஆக்சிஜன் தேவை. கடும் ஹைபாக்சியாவில் புதிதாக உண்டான ஜி.எஃப்.பி. இருட்டாகவே இருக்கும். லூசிஃபெரேஸ் வினைக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால் உயிருள்ள செல்லில் அளக்காமல், உடைத்துக் காற்றில் அளவிடுங்கள். எம்.டி.டி. சோதனை வளர்சிதை மாற்றத்தை அளப்பது; செல் எண்ணிக்கை குறைந்ததா, மாற்றம் மந்தமானதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணியே பாருங்கள்.

மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் ஹிஃப் குறைந்தது. மருந்து ஹிஃப்பைத் தடுக்கிறது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். 1 முதல் 3% ஆக்சிஜனில் செல்கள் சுவாசித்தே தங்களைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை மேலும் குறைத்துக்கொள்கின்றன. சுவாசத்தை நிறுத்தினால் அந்த ஆக்சிஜன் மிச்சமாகி பி.எச்.டி. மறுபடி ஓடுகிறது, ஹிஃப் அழிகிறது. இதே சோதனையை டி.எம்.ஓ.ஜி. கொடுத்து மறுபடி செய்யுங்கள். அங்கே ஹிஃப் குறையவில்லை என்றால் நீங்கள் கண்டது ஆக்சிஜனின் மறுபங்கீடு. அங்கேயும் குறைந்தால் மருந்து வேறெங்கோ, உதாரணமாகப் புரத உற்பத்தியில், கை வைக்கிறது.

வி.எச்.எல். மரபணு கெட்டால் என்ன ஆகும்?

ஆக்சிஜன் நிறைய இருந்தும், இல்லை என்று செல் முடிவுசெய்துவிடும். வி.எச்.எல். நோய் ஏறக்குறைய 36,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. விழித்திரையிலும் சிறுமூளையிலும் தண்டுவடத்திலும் இரத்தக்குழாய்க் கட்டிகள், சிறுநீரகப் புற்றுநோய், அட்ரீனல் கட்டி ஆகியவை வரலாம். குடும்பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் மற்றவர்களும் மரபணுச் சோதனை செய்துகொள்வது அவசியம். சிறு வயதிலிருந்தே கண் பரிசோதனை தொடங்க வேண்டும்.

ரஷ்யாவில் வோல்கா நதிப் பகுதியில் உள்ள சுவாஷியாவில் வேறுவகை. அங்கே வி.எச்.எல். புரதத்தின் 200ஆம் அமினோ அமிலம் மாறிய இரண்டு பிரதிகளும் பெற்றவர்களுக்குக் கட்டிகள் வருவதில்லை. சிவப்பணுக்கள் மட்டும் அளவுமீறி, இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

பரம்பரையாக வராத தெளிசெல் சிறுநீரகப் புற்றுநோய்களிலும் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். செயலிழந்திருக்கும். பெல்சுடிஃபான் என்ற மாத்திரை ஹிஃப்-2 ஆல்ஃபாவில் ஒரு குழிக்குள் பொருந்தி, அது ஹிஃப் பீட்டாவோடு சேராமல் தடுக்கிறது. அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் வி.எச்.எல். நோய்க்கு அனுமதி பெற்றது. அதன் முக்கியப் பக்கவிளைவுகள் இரத்தசோகையும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதும். ஹிஃப்-2 என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம். கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது.

மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட்டைச் செலவழிக்கும் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதி கெட்டாலும் இதே பொய்யான ஹைபாக்சியா உருவாகும்: தேங்கும் சக்சினேட் பி.எச்.டி.யை அடைக்கிறது. கழுத்தில் கரோட்டிட் பாடியிலேயே வளரும் கட்டிகள் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

சிறுநீரக இரத்தசோகைக்கு ஊசிக்குப் பதிலாக வந்த மாத்திரை இந்த வழியில்தான் வேலை செய்கிறதா?

ஆம். அவை பி.எச்.டி.யைத் தடுக்கின்றன. ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று சிறுநீரகமும் கல்லீரலும் கருதி எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கின்றன. கூடவே இரும்பு உறிஞ்சலைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குறைந்து குடல் அதிக இரும்பை உறிஞ்சுகிறது. முதலில் 2018 டிசம்பரில் சீனா ராக்ஸாடுஸ்டாட்டை அனுமதித்தது. இந்தியாவில் உருவான டெசிடுஸ்டாட் 2022 மார்ச்சில் இங்கே அனுமதி பெற்றது. இரண்டையும் வாரத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: ஹீமோகுளோபின் வேகமாக ஏறுவது நல்ல செய்தி அல்ல, இரத்தக்கட்டி உண்டாகலாம். சொன்ன தேதியில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, திடீரென்று பேச்சுக் குழறல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரைகளையும் இரும்பு மாத்திரையையும் இதோடு ஒன்றாக விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். எவ்வளவு இடைவெளி என்பது மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வீரர்களுக்கு இவை அனைத்தும் ஊக்கமருந்துப் பட்டியலில் தடை செய்யப்பட்டவை.

திபெத்தியர்களின் உடல் ஏன் உயரத்தைத் தாங்குகிறது?

ஹிஃப்-2 ஆல்ஃபாவையும் பி.எச்.டி.2வையும் தரும் மரபணுக்களில் அவர்களிடம் தனி வடிவங்கள் பரவியிருப்பது 2010இல் தெரியவந்தது. சிவப்பணுக்களைக் குவிப்பதால் அவர்கள் உயரத்தில் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைப்பது தவறு. அதே உயரத்துக்குக் குடியேறிய ஹான் சீனர்களைவிட அவர்களின் ஹீமோகுளோபின் குறைவு. இரத்தம் கெட்டியாகாமல் இருப்பதே அவர்களின் பலம். அவர்களிடம் உள்ள ஹிஃப்-2 ஆல்ஃபா வடிவம் டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் காட்டப்பட்டது.

தாவரங்களுக்கும் இந்த உணர்திறன் உண்டா? நெல் வெள்ளத்தில் மூழ்கினால்?

உண்டு, ஆனால் ஹிஃப் கிடையாது. தாவரச் செல்லில் ஈ.ஆர்.எஃப்.-7 என்ற புரதக் குடும்பத்தின் முனையில் சிஸ்டீன் இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு நொதி அதை ஆக்சிஜனேற்றி அழிவுக்கு அனுப்பும். வெள்ளத்தில் மூழ்கினால் அழிவு நிற்கும், நொதித்தல் நொதிகள் இயங்கும். கூறுகள் வேறாயினும் தர்க்கம் விலங்குச் செல்லில் கண்டதேதான்.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து எடுத்த சப்1ஏ மரபணுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2006இல் அடையாளம் காணப்பட்டது. சாதாரண நெல் மூழ்கியதும் தலையை வெளியே நீட்ட வேகமாக நீண்டு, சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப்1ஏ உள்ள நெல் நீளாமல் அடங்கியிருந்து சேமிப்பைக் காக்கும்; இரண்டு வாரம் வரை முழுக மூழ்கியும் தழைக்கும். ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. காவிரி டெல்டாவில் சம்பாவுக்குப் பயிராகும் சி.ஆர்.1009 சப்1 இதே மரபணு ஏற்றப்பட்டது.

இரண்டு வாரம் என்பது உத்தரவாதம் அல்ல. கலங்கிய நீரும் சூடான நீரும் அந்த நாட்களைக் குறைக்கும். ஒளி புகாவிட்டால் இலை சிறிதும் உணவு செய்ய முடியாது. விதை முளைக்கும் பருவத்தில் தண்ணீர் நின்றால் சப்1ஏ உதவாது, அதற்கு வேறு மரபணு வேண்டும். பாதி உயரத்துக்கு மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கும் இது ஏற்றதல்ல. அங்கே நீண்டு வளரும் ரகம்தான் பிழைக்கும்.